குடி பெயர்தலும் பரிக்கிரக பரிமாணமும்

இல்லறத்தார்க்கு வகுக்கப்பட்ட ஐந்து அணுவிரதங்களுள் இறுதியில் வைத்து எண்ணப்படுவது பரிக்கிரக பரிமாணம். நிலம், வீடு, பொன், தானியம், ஆடை, பாண்டம் முதலியவற்றுள் தனக்கு வேண்டுவது இவ்வளவே என்று தானே எல்லை வகுத்துக்கொண்டு, அதற்கு அப்பாற்பட்டவற்றில் விருப்பமின்றி இருத்தல் இதன் இலக்கணம். இதனை நம் வீட்டுச் சிறுவர்களும் ஒப்பிப்பார்கள். ஆனால், தம் வீட்டில் எத்தனைப் பொருள்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தவர்கள் நம்முள் எத்தனை பேர்? எண்ணாத பொருளுக்கு எல்லை வகுப்பது எவ்வாறு?

அன்றாட வாழ்வில் எண்ணிப் பார்க்கும் தேவை எழுவதில்லை. பரணில் ஏறியது பரணிலேயே இருக்கும். பெட்டியில் வைத்தது பெட்டியிலேயே இருக்கும். கண்ணில் படாதது கணக்கிலும் வருவதில்லை. இவை அனைத்தும் ஒருங்கே வெளியே வந்து கூடத்தில் நிற்கும் நாள் ஒன்று உண்டு. வீட்டைக் காலி செய்து தொலைதூர ஊருக்குக் குடி பெயரும் நாளே அது.

வந்தவாசி, ஆரணி, செய்யாறு, போளூர், திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் உழவை நம்பி வாழ்ந்த நம் குடும்பங்கள் கல்வியையும் உத்தியோகத்தையும் நாடிச் சென்னைக்கு வந்தன. இப்பொழுது பிள்ளைகளுக்குப் புனேயிலும் தில்லியிலும் வேலை கிடைக்கிறது. கார், பீரோ, கட்டில், பாத்திரம், புத்தகம் ஆகிய அனைத்துடனும் 1,200 கிலோமீட்டருக்கு அப்பால் குடியேற வேண்டியிருக்கிறது. எதைக் கொண்டு செல்வது, எதை விடுவது, காரை ஓட்டிச் செல்வதா, ஏற்றி அனுப்புவதா, முதியோரை என்ன செய்வது என்ற வினாக்கள் வீட்டில் எழுகின்றன. இவை செலவையும் வசதியையும் பற்றிய வினாக்கள் என்றே பலரும் கருதுகின்றனர். இவை அறத்தைப் பற்றிய வினாக்கள் என்பது நம் கருத்து.

துறவியின் பயணமும் இல்லறத்தாரின் பயணமும்

நெடும்பயணம் நம் சமயத்துக்குப் புதியதன்று. வடநாட்டில் பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம் வரப்போவதை உணர்ந்த பத்திரபாகு முனிவர், தம் சங்கத்தாருடன் தென்னாடு போந்தார் என்றும், சந்திரகுப்த மௌரியரும் துறவு பூண்டு உடன் வந்தார் என்றும், சரவணபெளகொளாவின் சந்திரகிரியில் அவர்கள் தங்கினர் என்றும் நம் மரபு கூறுகிறது. அங்கிருந்து விசாகாச்சாரியார் தலைமையில் முனிவர்கள் தமிழகம் நோக்கி வந்தனர் என்பதும் அம்மரபே. அவ்வளவு பெரிய இடப்பெயர்ச்சியில் அவர்கள் சுமந்து வந்தவை எவை? மயிற்பீலியும் கமண்டலமும் நெஞ்சில் ஏற்றிய ஆகமமுமே. இன்றும் நம் முனிவர்கள் மழைக்காலத்து நான்கு மாதம் ஓரிடத்தில் தங்கி, எஞ்சிய காலமெல்லாம் விகாரம் செய்கின்றனர். ஆண்டுதோறும் இடம் பெயரும் அவர்களுக்குக் கட்டுவதற்கு மூட்டை இல்லை.

இதனைக் கண்ட சிலர், "நாமும் எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போவதே அறம்" என்று எளிதாக முடிவு கட்டிவிடுகின்றனர். பழையதை எல்லாம் ஒரே நாளில் எடைக்குப் போட்டுவிட்டு, போன ஊரில் புதியதை எல்லாம் ஒரே வாரத்தில் வாங்கி நிரப்புகின்றனர். இது துறவாகுமா? பொருள் மாறியிருக்கிறதே அன்றிப் பற்று மாறவில்லை. தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி ஆச்சாரியார் பரிக்கிரகத்தை மூர்ச்சை என்னும் சொல்லால் விளக்குகிறார். மூர்ச்சை என்பது மயக்கம். புறப் பரிக்கிரகம் பத்து வகை என்றும் அகப் பரிக்கிரகம் பதினான்கு வகை என்றும் எண்ணும் நம் நூலோர், அகத்ததையே வேராகக் கொண்டனர். ஆகவே, லாரியில் ஏறிய பெட்டிகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு ஒருவரின் விரதத்தை அளந்துவிட முடியாது.

அவ்வாறாயின் எதனைக் கொண்டு அளப்பது?

சமந்தபத்திரர் காட்டும் அளவுகோல்

இவ்வினாவுக்கு விடை தருபவர் சமந்தபத்திர ஆச்சாரியார். இரத்தின கரண்டக சிராவகாசாரம் என்னும் அவரது நூலின் வழியில் அமைந்ததே தமிழில் நாம் பயிலும் அருங்கலச்செப்பு. பரிக்கிரக பரிமாண விரதத்துக்கு நேரும் குற்றங்கள் ஐந்தென்று அவர் எண்ணுகிறார். அவை அதிவாகனம், அதிசங்கிரகம், விஸ்மயம், லோபம், அதிபாரவாகனம் என்பன.

இவ்வைந்தனுள் அளவு கடந்து சேர்த்து வைத்தல், பிறர் பெற்ற ஆதாயத்தைக் கண்டு மனம் மறுகுதல், மேன்மேலும் விழைதல் ஆகிய மூன்றும் பொருளாசையைப் பற்றியன என்பது எவர்க்கும் எளிதில் விளங்கும். முதலிலும் முடிவிலும் நிற்கும் இரண்டுமே நம்மை நின்று சிந்திக்க வைப்பன. அதிவாகனமாவது, எருது முதலியவற்றை அவை இயல்பாகச் செல்லக்கூடிய தொலைவுக்கு மேல் செலுத்துதல். அதிபாரவாகனமாவது, அவற்றால் தாங்க முடிந்ததற்கு மேல் பாரம் ஏற்றுதல். இவை உயிர்க்கு இழைக்கும் துன்பங்கள் அல்லவா? இவற்றைக் கொல்லாமை விரதத்தின் குற்றங்களோடு சேர்த்தால் போதாதா? அளவு மீறிச் சுமத்தல் அங்கும் எண்ணப்படுகிறது. எனினும் ஆச்சாரியார் அதனைப் பொருள் வரையறையின் கீழும் வைத்தார்.

இதிலிருந்து நாம் அறிவது ஒன்று. ஒருவருடைய பொருள் அவரிடத்திலேயே நிற்பதில்லை. அது பிறர் முதுகில் ஏறுகிறது. வீட்டுக்குள் அசையாமல் கிடந்த காலத்தில் அதன் சுமை உடையவருக்குத் தெரிவதில்லை. பயணம் புறப்படும்போதே அது எவர்மேல் ஏறுகிறது என்பது தெரிகிறது. எனவே, குடி பெயர்வோர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் வினா, "இது நமக்கு வேண்டுமா?" என்பதன்று, "இதனை யார் சுமக்கப் போகிறார்?" என்பதே.

சுமப்பவரும் செலுத்துபவரும்

எருது பூட்டிய வண்டியில் இன்று எவரும் குடி பெயர்வதில்லை. ஆயினும் சுமப்பவர் இல்லாமற் போகவில்லை. மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடியிலிருந்து இரும்புப் பீரோவை இறக்குபவர் மனிதர். வளர்ந்த ஆடவர் ஒருவர் கையால் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. பெரிய பெட்டி ஒன்றில் புத்தகங்களையே நிறைத்துக் கட்டிவிட்டு, "தூக்குங்கள், கூலி கொடுக்கிறோமே" என்று சொல்பவர் அந்த எடையை எண்ணிப் பார்ப்பதில்லை. கூலி கொடுப்பதால் அதிபாரம் அதிபாரம் அல்லாததாகிவிடுமா? புத்தகங்களைச் சிறு பெட்டிகளில் பிரித்துக் கட்டுவதும், பீரோவைக் காலி செய்து கொடுப்பதும், வருபவர்களுக்குக் குடிநீரும் உணவும் நிழலும் வைத்திருப்பதும் விரதத்தைச் சார்ந்தனவே.

அடுத்து, வண்டியைச் செலுத்துபவர். மோட்டார் வண்டி தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்ற எல்லையை 1961-ஆம் ஆண்டுச் சட்டமே வகுத்தது. ஆயினும், "நாளை மறுநாள் காலையில் பொருள் வந்து சேர வேண்டும்" என்று நாம் வற்புறுத்தும்போது, அவருடைய உறக்கத்திலிருந்து அந்த நேரத்தை எடுத்துக்கொள்கிறோம். இதுவே இக்காலத்து அதிவாகனம். பொருள் ஓரிரு நாள் பிந்தி வருவதானால் பாயில் படுத்து, நான்கு பாத்திரங்களில் சமைத்து உண்ணலாம். அந்நாள்களில் நமக்கு உண்மையாக வேண்டியவை எவை என்பதும் தெளிவாகும்.

காரைப் பற்றியும் இவ்வாறே எண்ண வேண்டும். சென்னையிலிருந்து பெங்களூர், சித்ரதுர்கம், ஹுப்பளி, பெல்காம், கோலாப்பூர் வழியாகப் புனே செல்லும் 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தூரம் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். இரவு பகல் பாராமல் ஓட்டினால் ஒரு நாளில் போய்விடலாம் என்று இளைஞர் கூறுவர். இரவில் ஓட்டும் வண்டியின் விளக்கொளியை நாடி வந்து மடியும் சிற்றுயிர்கள் எத்தனை என்பதை மறுநாள் காலை வண்டியின் முன்கண்ணாடி சொல்லும். இரவுண்ணாமை நோற்பவர்க்குச் சாலையோர உணவு விடுதியும் இடையூறே. முதல் நாள் சித்ரதுர்கம், இரண்டாம் நாள் கோலாப்பூர், மூன்றாம் நாள் புனே என்று பகற்பொழுதாகப் பிரித்துக்கொண்டால், மூன்று நாளும் சூரியன் சாயுமுன் உண்டு தங்கலாம். பெல்காம், கோலாப்பூர் வட்டாரங்களில் திகம்பர சமணர் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். ஜினாலய வழிபாட்டுக்கும் தூய உணவுக்கும் அங்கே குறைவில்லை. பெல்காம் கோட்டையிலுள்ள கமல பஸதியையும் வழியில் தரிசிக்கலாம். முதியோரையோ குழந்தைகளையோ காரில் நெடுந்தூரம் அழைத்துச் செல்வது இயலாதெனில், அவர்களை இரயிலில் அனுப்பிவிட்டுக் காரை ஏற்றிச் செல்லும் வண்டியில் ஒப்படைப்பதே முறை. காரின் உள்ளே பெட்டிகளை அடைத்து அனுப்பிக் கூலியை மிச்சப்படுத்த எண்ணுவதும் அதிபாரமே.

தானியமும் புத்தகமும் வைத்த இடங்களில் சிற்றுயிர்கள் குடியிருக்கும். கட்டும் நாளன்று அவசரத்தில் மருந்தடிப்பதைவிட, இரண்டு மாதம் முன்னரே தானியத்தை அளவாக வாங்கிக் குறைத்துக்கொள்வதும், புத்தகங்களை எடுத்துத் தூசு தட்டி வைப்பதும் சீவரட்சைக்கு ஏற்றன.

தாள்களில் உண்மை

இடம் பெயர்வோர் பல தாள்களில் கையெழுத்திட வேண்டியிருக்கிறது. அங்கேயும் விரதம் உண்டு.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, ஒரு மாநிலத்தில் பதிவான காரை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருப்பவர் அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும். அதற்குப் பழைய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். கார் கடனில் இருந்தால் கடன் கொடுத்தவரின் இசைவும் வேண்டும். புதிய மாநிலத்தில் சாலை வரி செலுத்திவிட்டு, பழைய மாநிலத்தில் எஞ்சிய காலத்துக்குரிய வரியைத் திரும்பக் கேட்கலாம். அடிக்கடி மாறுதல் பெறும் அரசு ஊழியர்க்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உடைய நிறுவனங்களின் ஊழியர்க்கும் 2021-ஆம் ஆண்டு முதல் 'பி.எச்.' வரிசைப் பதிவெண் பெறும் வசதி உண்டு. இத்தனை வழிகள் இருக்கவும், ஆண்டுக் கணக்கில் பழைய எண்ணுடனே ஓட்டிக்கொண்டு, கேட்பவரிடம் "சென்ற மாதந்தான் வந்தோம்" என்று சொல்பவர் உள்ளனர். அரசின் ஒழுங்குக்கு மாறாக நடந்து ஆதாயம் தேடுதலைக் கள்ளாமை விரதத்தின் குற்றங்களுள் ஒன்றாக, விருத்த ராஜ்யாதிக்கிரமம் என்னும் பெயரால், நம் நூல்கள் குறிக்கின்றன.

லாரியில் அனுப்பும் பொருள்களின் மதிப்பை அனுப்புபவரே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று 2007-ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் கூறுகிறது. காப்பீட்டுக் கட்டணத்தைக் குறைக்க மதிப்பைத் தாழ்த்தி எழுதுவதும், சேதமானால் மிகுதியாகப் பெறலாம் என்று உயர்த்தி எழுதுவதும் பொய்யே. முன்னரே விரிசல் கண்டிருந்த பொருளை வழியில் உடைந்ததாகச் சொல்லி இழப்பீடு கேட்பதும் அத்தகையதே. பயன்படுத்திய வீட்டுப் பொருள்களுக்கு மின்னணு வழிச்சீட்டு வேண்டியதில்லை. இச்சலுகையைப் பயன்படுத்தி, பிரிக்காத புதுப் பொருள்களையும் நடுவில் வைத்து அனுப்புவோர் உண்டு. பொய்யான எழுத்துச் செய்தலாகிய கூடலேககிரியை வாய்மை விரதத்தின் குற்றம் என்பதை அவர்கள் நினைத்தல் வேண்டும்.

அவ்விரதத்தின் மற்றொரு குற்றம் நியாசாபகாரம். பிறர் நம்மிடம் வைத்த பொருளைத் திருப்பாது கொள்ளுதல் என்பது இதன் பொருள். அடுத்த வீட்டார் கொடுத்து வைத்த குத்துவிளக்கு, சுற்றத்தார் விட்டுச் சென்ற பத்திரம், நூலகத்திலிருந்து வந்த புத்தகம், கோயில் விழாவுக்கென வாங்கி மீந்த துணி ஆகியவை கூடத்தில் நம் பொருள்களோடு கலந்து கிடக்கும். 1,200 கிலோமீட்டருக்கு அப்பால் போனபின் அவை நம்முடையன போலவே ஆகிவிடும். ஆகவே, கட்டத் தொடங்குமுன் செய்ய வேண்டிய முதற்பணி, நம்முடையன அல்லாதவற்றைப் பிரித்து உரியவரிடம் சேர்த்தல்.

கொடுப்பதும் காப்பதும்

விட்டுச் செல்லும் பொருள்களைப் பிறர்க்குக் கொடுப்பது வழக்கம். தானம் சிறந்ததே. ஆனால் வீட்டு வேலைக்கு வரும் பெண்மணியை அழைத்து, கால் உடைந்த நாற்காலியையும் ஓடாத மின்விசிறியையும் "எடுத்துக்கொள்" என்பது தானம் ஆகாது. குப்பையை அகற்றும் பணியையும் அவள்மேல் சுமத்தி, அதற்கு நன்றியையும் எதிர்பார்ப்பதாகவே அது முடிகிறது. அவளுக்கு வேண்டியது எது என்று முதலில் கேட்க வேண்டும். நல்ல நிலையில் உள்ளதைத் துடைத்துக் கொடுக்க வேண்டும். அவள் வீட்டுக்குக் கொண்டு சேர்க்கும் வண்டிக் கூலியையும் கொடுத்தாலன்றி அத்தானம் நிறைவுறாது.

விடக் கூடாதவையும் உண்டு. நம் முன்னோர் வீடுகளில் ஏட்டுச் சுவடிகள் தலைமுறை தலைமுறையாக இருந்தன. பழுத்து உதிரும் ஓலைகள் பலருக்கு வெறும் சுமையாகவே தோன்றியிருக்கும். ஆயினும் சிலர் அவற்றைக் காத்தனர். பொருள் சொல்லும் மரபையும் காத்தனர். சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முயன்ற உ.வே. சாமிநாதையர் கும்பகோணத்துச் சமண இல்லறத்தாரிடம் சென்று சமயக் கருத்துகளைக் கேட்டறிந்தார். 1887-ஆம் ஆண்டு அந்நூல் அச்சாகி வெளிவந்தது. வீடு மாறும்போதெல்லாம் பழைய ஏடுகளைக் கழித்துவிடுவதே அறம் என்று நம்மவர் எண்ணியிருந்தால், அந்நூலுக்கு நேர்ந்திருக்கும் கதி என்ன? பற்றினால் வைத்திருப்பது வேறு. பிறர் பொருட்டுக் காத்து வைத்திருப்பது வேறு. இன்று எவர் வீட்டிலேனும் ஏடுகளோ பழைய அச்சு நூல்களோ இருந்து, அவற்றைப் புது ஊரில் பேண இயலாதெனில், மேல்சித்தாமூர் மடத்திலோ தக்க நூலகத்திலோ சேர்ப்பிக்கலாம். எடைக்குப் போடுவதும், மூட்டையில் கட்டி மறப்பதும் தவிர்க்கத்தக்கன.

பிறர் பொருளுக்கு நாம் வகுக்கும் எல்லை

இனி, இவ்வனைத்தினும் நுண்ணியதொன்றைக் கூற வேண்டும். நம் குடும்பங்களில் அமைதியைக் குலைப்பதும் இதுவே.

நாம் அறிந்த குடும்பம் ஒன்று. மகனுக்குப் புனேயில் வேலை. தாயார் கணவரை இழந்தவர். பிறந்தது முதல் வந்தவாசி வட்டாரத்திலேயே வாழ்ந்தவர். மகன் நல்லவர், நோன்புகளை வழுவாது நோற்பவர். லாரியில் எட்டு அடிக்கு மேல் இடமில்லை என்பதால் ஒரு பட்டியல் எழுதினார். தம் கணினி, மேசை, குழந்தைகளின் மிதிவண்டி ஆகியன கொண்டு செல்வனவற்றுள் இருந்தன. தாயாரின் ஆட்டுக்கல், மரப்பெட்டி, பழைய மணை, பித்தளைச் சொம்பு ஆகியன கழிப்பனவற்றுள் இருந்தன. "அம்மா, அபரிக்கிரகம் என்று நீங்கள்தானே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள்? அங்கே மாவரைக்கும் இயந்திரம் இருக்கிறது. இதெல்லாம் எதற்கு?" என்றார். தாயார் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "விரதம் எனக்குத்தான் தம்பி. அதை எனக்காக நீ எடுத்துக்கொள்ள முடியாது. என்னைக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேனே," என்றார்.

அவ்விடையில் சாத்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பரிக்கிரக பரிமாணம் என்பது ஒருவர் தம் பொருளுக்குத் தாமே மனமுவந்து வகுத்துக்கொள்ளும் எல்லை. பிறர் பொருளுக்கு நாம் எல்லை வகுத்தால் அது விரதம் ஆகாது; அது அதிகாரம். அன்றியும், கொடாததைக் கொள்ளாமை என்னும் மூன்றாம் அணுவிரதத்துக்கும் அது மாறானது. தாயின் பெட்டி மகன் வீட்டில் இருப்பதனாலேயே மகனுடையது ஆகிவிடாது. அதனை அவரைக் கேளாமல் எடைக்குப் போடுபவர், எவ்வளவு நல்ல நோக்கத்தோடு செய்தாலும், கொடாததையே எடுக்கிறார். முதியோரிடத்தில் அபரிக்கிரகத்தைப் போதிப்பவர் தம் மேசையையும் கணினியையும் முதலில் எழுதிக்கொண்டது எதனால் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

"அவ்வாறாயின் முதியோர் கேட்பதை எல்லாம் ஏற்ற வேண்டுமா? லாரியில் இடம் வேண்டாமா? சுமப்பவர் முதுகைப் பற்றி முன்னர்க் கூறியது என்னாயிற்று?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வியே. ஆட்டுக்கல்லும் ஒருவர் முதுகில்தான் ஏற வேண்டும். முதியோர்க்கும் அவ்விரதம் உண்டு. எழுபதைக் கடந்த நம் போன்றோர்க்கு மற்றவரினும் மிகுதியாகவே உண்டு. பிள்ளைகள் கழிக்குமுன் நாமே பிரித்துக் கொடுத்துவிடுவது நமக்கும் நலம், அவர்களுக்கும் நலம். ஆனால் அதனைச் செய்ய வேண்டியவர் உடையவரே. இளையவர் செய்யத் தக்கது, இடம் இவ்வளவு என்று உண்மையைச் சொல்லி, அவ்விடத்தில் முதியோர்க்கும் ஒரு பங்கு கொடுத்து, அப்பங்கில் எதை வைப்பது என்பதை அவரிடமே விட்டுவிடுவது. காலமும் கொடுக்க வேண்டும். ஐம்பது ஆண்டு புழங்கிய பொருளை ஒரு மாலைப்பொழுதில் கைவிடச் சொல்வதும் ஒருவகை அதிபாரமே. அச்சுமை முதுகில் ஏறாமல் நெஞ்சில் ஏறுகிறது.

மேற்கூறிய குடும்பத்தில் மகன் அப்பட்டியலைக் கிழித்துவிட்டார். லாரியில் இரண்டு அடி இடத்தைத் தாயாருக்கென ஒதுக்கினார். தாயார் பதினைந்து நாள் எடுத்துக்கொண்டார். ஆட்டுக்கல்லைத் தம் தங்கை வீட்டுக்கு அனுப்பினார். மரப்பெட்டியிலிருந்த பட்டுச் சேலைகளைப் பேத்திமாருக்குக் கொடுத்தார். பெட்டியையும் கொடுத்துவிட்டார். இறுதியில் சாமாயிகத்துக்கு அமரும் மணையும் பித்தளைச் சொம்பும் நான்கு புத்தகங்களும் மட்டுமே எஞ்சின. ஒதுக்கிய இடத்தில் பாதிகூட நிரம்பவில்லை. மகன் கழிக்க நினைத்தவற்றுள் பெரும்பாலானவற்றைத் தாயாரே கழித்தார். முடிவு ஏறக்குறைய ஒன்றே எனினும், முன்னதில் பறிப்பு இருந்தது. பின்னதில் தியாகம் இருந்தது.

முதியோர் உடன் வர விரும்பவில்லை என்றால், அதுவும் கேட்டறிய வேண்டிய செய்தியே. "அம்மாவை எங்கே வைப்பது?" என்று பிள்ளைகள் தமக்குள் பேசிக்கொள்ளும்போது, அவ்வன்னையையும் பட்டியலில் ஒரு பொருளாக எழுதிவிடுகிறோம். உயிரைப் பொருளாக எண்ணாதிருத்தலே சமணத்தின் முதற்பாடம் அன்றோ? ஊரிலேயே தங்க விரும்புபவர்க்கு அங்கே துணையும் மருத்துவமும் ஆலயத் தொடர்பும் அமைத்துக் கொடுத்தல் வேண்டும். உடன் வருபவர்க்குப் புது ஊரில் ஜினாலயம் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை, பிள்ளைகளின் பள்ளியைத் தேடும்போதே தேடி வைத்தல் வேண்டும். திசை எல்லை வகுக்கும் திக்விரதம் பூண்ட பெரியோர் எனின், அவர் வகுத்த எல்லைக்குள் அவ்வூர் அடங்குமா என்பதையும் அவரிடமே கேட்க வேண்டும். விரத எல்லையைப் பிள்ளைகளின் வசதிக்காக நீட்டச் சொல்லுதல் தகாது.

செயல்முறை

மேற்கூறியவற்றை நடைமுறைக்குக் கொண்டுவர ஓர் ஒழுங்கு கூறுவோம். மூன்று மாதம் முன்னரே ஒரு குறிப்பேடு எடுத்து, அறை அறையாகச் சென்று உள்ள பொருள்களை எல்லாம் எழுதுக. ஒவ்வொன்றின் எதிரிலும் அது யாருடையது என்று குறிக்க. பிறருடையவற்றை முதலில் திருப்புக. குடும்பத்தார் ஒவ்வொருவரும், சிறுவர் உட்பட, தம் பொருளுக்குத் தாமே எல்லை வகுத்துக்கொள்க. பெரியவர் தம் எல்லையை முதலில் அறிவிக்க. வண்டிக்கான சான்றுகளை அப்பொழுதே தொடங்குக. எரிவாயு உருளையை ஏற்றிச் செல்லாமல் முகவரிடம் ஒப்படைத்துச் சீட்டுப் பெறுக. கட்டிய பெட்டி ஒவ்வொன்றையும் வீட்டிலுள்ளவர் ஒருவரே தூக்கிப் பார்க்க. தம்மால் தூக்க இயலாததைப் பிறர் முதுகில் வையாதிருக்க.

அக்குறிப்பேட்டைப் புது ஊரில் பொருள்கள் வந்து இறங்கியதும் எறிந்துவிட வேண்டாம். இல்லறத்தார் தம் உடைமைகளை முற்றும் எண்ணிய ஏடு அது ஒன்றே. பரிக்கிரக பரிமாணத்தை அதனைக் கொண்டே எடுத்துக்கொள்ளலாம். "இதற்கு மேல் இவ்வீட்டில் சேராது, புதியது ஒன்று வந்தால் பழையது ஒன்று தக்கவர் கைக்குப் போகும்" என்று அதன் இறுதிப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, ஆண்டுதோறும் தசலட்சண நாள்களில் எடுத்துப் பார்க்கலாம்.

இவ்வுடலையும் ஒருநாள் காலி செய்து உயிர் வேறிடம் செல்ல வேண்டியதே. அப்பயணத்தில் லாரியும் இல்லை, சுமப்பவரும் இல்லை. செய்த வினை மட்டுமே உடன் வரும். அதற்கு ஒத்திகையாகவே இவ்வூர்ப் பயணங்களைக் கருதி, நம் சுமையை நாமே அளந்து, பிறர்மேல் ஏற்றாது, பிறர் சுமையை அவர் மனமறிந்து மதித்து நடப்போமாக.